சால்மன் ஓடையில் பூச்சிக்கொல்லிப் பரிசோதனை: "வரம்புக்குக் கீழே" என்றால் மீனுக்கு ஆபத்து இல்லை என்று அர்த்தமா?

கேள்வியைச் சுருக்கமாக இங்கே வைத்துவிடுகிறேன். கேட்டவர் சியாட்டில் பக்கம் ரெட்மண்டில் வீடு வாங்கியிருக்கிறார். கொல்லைப்புறம் ஒரு ஓடை, அது சம்மாமிஷ் ஆற்றில் போய்ச் சேர்கிறது, இலையுதிர் காலத்தில் சால்மன் ஏறி வருவதைப் பிள்ளைகளோடு நின்று பார்த்திருக்கிறார். சால்மன் உள்ள ஓடைகளில் பூச்சிக்கொல்லி இருக்கிறதா என்று வாஷிங்டன் மாநில அரசு பரிசோதித்து வெளியிடும் அறிக்கைகளைத் தேடிப் படித்தால் பெரும்பாலான இடத்தில் "கண்டறியப்படவில்லை", மிச்சத்தில் "வரம்புக்குக் கீழே". அப்படியென்றால் மீனுக்குப் பிரச்சினை இல்லை என்றுதானே அர்த்தம்? நாமே ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து லேபுக்கு அனுப்பிப் பார்த்தால் என்ன? புல்தரைக்கு மருந்து போடலாமா கூடாதா? இதுதான் கேள்வி.

நான் சில காலம் ஓடைகளில் தண்ணீர் மாதிரி எடுக்கும் வேலையில் இருந்தவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். அந்த அறிக்கைகளில் பொய் எதுவும் இல்லை. ஆனால் "கண்டறியப்படவில்லை" என்பதற்கு "இல்லை" என்று அர்த்தம் கிடையாது. பாட்டிலை எந்த நேரத்தில் எந்த இடத்தில் முக்கினார்கள், லேப் எந்தெந்தப் பொருளைத் தேடியது, கிடைத்த எண்ணை எந்த எண்ணோடு ஒப்பிட்டார்கள் என்பதையெல்லாம் சேர்த்துப் படித்தால்தான் அந்த ஒரு வரிக்கு என்ன மதிப்பு என்று தெரியும்.

முதலில் இந்தப் பரிசோதனையே எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். 1990களில் பசிபிக் கரையோரச் சால்மன் இனங்கள் ஒவ்வொன்றாக அழிந்துவரும் உயிரினப் பட்டியலில் ஏறின. ஸ்நேக் ஆற்று சாக்ஐ 1991இல், சியாட்டிலை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் கடல்பகுதியின் சினூக் 1999இல். பட்டியலில் ஒரு மீன் ஏறிவிட்டால், அதைப் பாதிக்கக்கூடிய எந்த அனுமதியையும் கொடுப்பதற்கு முன் மத்திய அரசின் மீன்வளத் துறையோடு கலந்தாலோசிக்க வேண்டும், சட்டம் அப்படி. பூச்சிக்கொல்லிக்கு அனுமதி கொடுக்கும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதாவது ஈ.பி.ஏ., அதைச் செய்யவில்லை. வாஷிங்டன் டாக்ஸிக்ஸ் கொயலிஷன் என்ற அமைப்பும் வேறு சிலரும் 2001இல் வழக்குப் போட்டார்கள், 2002இல் சியாட்டிலின் மத்திய நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. 54 மருந்துகளைப் பற்றி ஈ.பி.ஏ. முறையாகக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று உத்தரவு. அப்புறம் 2004 ஜனவரியில் இன்னொரு உத்தரவு: கலந்தாலோசனை முடியும்வரை அந்தப் பட்டியலில் பெரும்பாலான மருந்துகளைச் சால்மன் ஓடையிலிருந்து 20 கஜத்துக்குள் தரையிலிருந்து அடிக்கக் கூடாது, விமானத்திலிருந்து என்றால் 100 கஜம்.

விவசாயிகள் கொதித்துப்போனார்கள். அவர்கள் கேட்டதில் நியாயமும் இருந்தது: எங்கள் ஓடையில் அந்த மருந்து இருக்கிறது என்று யார் அளந்து பார்த்தீர்கள்? கணினி மாதிரியைக் காட்டாதே, தண்ணீரைக் காட்டு. கிட்டத்தட்ட அந்தச் சமயத்தில், 2003இல், மாநில வேளாண் துறையும் சுற்றுச்சூழல் துறையும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் நீங்கள் படித்த அறிக்கைகளின் மூலமான இந்தத் திட்டம். முதலில் எடுத்துக்கொண்ட ஓடைகள்: நகரத்துக்கு உதாரணமாக சியாட்டிலின் தார்ன்டன் க்ரீக். பாசன விவசாயத்துக்கு உதாரணமாக கீழ் யாக்கிமா பள்ளத்தாக்கின் மேரியன் டிரெயின் என்ற வடிகால், சல்ஃபர் க்ரீக், ஸ்பிரிங் க்ரீக். பிற்பாடு உருளைக்கிழங்கும் பெர்ரியும் விளையும் ஸ்காஜிட் பகுதி, ஆப்பிள், பேரி தோட்டங்கள் நிறைந்த வெனாச்சி பகுதி எல்லாம் சேர்ந்தன. மார்ச் வாக்கில் தொடங்கி மருந்தடிக்கும் பருவம் முடியும்வரை பெரும்பாலும் வாரம் ஒரு முறை போய் எடுப்பார்கள்.

எடுப்பது எப்படி என்று கேட்டால், பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். நீளமான கம்பின் நுனியில் பாட்டிலைக் கட்டி, ஓடையின் குறுக்கே ஒரே இடத்தில் அல்லாமல் நாலைந்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துச் சேர்ப்பார்கள். தண்ணீருக்குள் இறங்கினால் ஓட்டம் வரும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நம் கால் கிளப்பும் சேறுதான் பாட்டிலுக்குள் போகும். பாட்டில் பழுப்புக் கண்ணாடி, ஏனென்றால் சில மருந்துகள் வெளிச்சம் பட்டாலே சிதையும். லேபில் சுத்தம் செய்து மூடி வந்த பாட்டிலை ஓடைத் தண்ணீரால் அலசக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அலசத்தான் பார்ப்பார்கள், அது நம் கை வழக்கம். அலசினால் தண்ணீரில் வரும் மண் துகளும், அதில் ஒட்டியிருக்கும் மருந்தும் பாட்டில் சுவரில் தங்கி, அளவு கூடிக் காட்டும். பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் இன்னும் மோசம், கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்ளும், தண்ணீரை மட்டும் ஊற்றி எடுத்துச் சோதித்தால் குறைவாகக் காட்டும், அதனால் லேபில் பாட்டிலின் உட்புறத்தையும் கரைப்பானால் அலசி அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொசு கடிக்கிறதே என்று கையில் விரட்டி தடவிக்கொண்டு போனால் அன்றைய மாதிரியில் அந்த விரட்டியில் உள்ள டீட் வந்து நிற்கும், அது பல லேப்களின் தேடல் பட்டியலில் இருக்கும் பொருள். பிடித்ததும் ஐஸ் பெட்டி, கையெழுத்துச் சீட்டு, ஓட்ட வேகம், வெப்பநிலை, கலங்கல் எல்லாம் குறித்துக்கொண்டு வண்டி ஏற வேண்டும். சுத்தமான நீரை அதே பாட்டிலில் அதே இடத்தில் ஊற்றி எடுத்த வெற்று மாதிரி ஒன்று, ஒரே நேரத்தில் எடுத்த இரட்டை மாதிரி ஒன்று என்று இடையிடையே போகும், நம் கையால் எதுவும் கலக்கவில்லை என்று காட்ட.

இவ்வளவு கவனமாகச் செய்தாலும் கிடைப்பது அந்த நிமிடத்தின் தண்ணீர்தான். வாரத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்குத் தெருவை ஒரு போட்டோ எடுத்துவிட்டு இங்கே வண்டி நெரிசலே கிடையாது என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படித்தான். சின்ன ஓடையில் மருந்து வருவது பெரும்பாலும் ஒரு வீச்சாக வரும். காஸ்கேட் மலைத் தொடருக்கு மேற்கே என்றால் மழை பெய்த முதல் சில மணி நேரம், கிழக்கே யாக்கிமா பக்கம் மழையே குறைவு, அங்கே பாசனத் தண்ணீர் வயலைக் கடந்து வடிகாலுக்கு வரும் நேரம். வந்த வேகத்தில் போயும் விடும். செவ்வாய்க்கிழமை எடுக்கிறவருக்கு வியாழக்கிழமை இரவு மழை தெரியாது. அதனால் அறிக்கையில் இருக்கும் உச்ச அளவு, ஓடையின் உச்ச அளவு இல்லை. நாம் போன நேரங்களில் பார்த்த உச்சம். இதைச் சமாளிக்கத் தானியங்கிக் கருவி வைக்கலாம், மருந்தை வாரக்கணக்கில் உறிஞ்சிக்கொள்ளும் பட்டைகளைத் தண்ணீரில் தொங்கவிடலாம். பட்டை கொடுப்பது சராசரி, அதில் எத்தனை மணி நேரம் எவ்வளவு உயர்ந்தது என்று தெரியாது. தானியங்கிக் கருவிக்குக் காசு அதிகம், வெள்ளத்தில் அடித்துக்கொண்டும் போகும்.

இன்னொரு சங்கடம், என்றைக்கு யார் என்ன அடித்தார்கள் என்பது தெரியாது. கலிஃபோர்னியாவில் 1990இலிருந்து விவசாயத்தில் அடிக்கும் ஒவ்வொரு மருந்தையும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். வாஷிங்டனில் மருந்தடிப்பவர் கணக்கு எழுதி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான், அது தானாக அரசுக்குப் போகாது. அதனால் எந்த வாரம் எதைத் தேடுவது என்பதைப் பயிர்ப் பருவத்தை வைத்து ஊகிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

சரி, இப்போது "வரம்பு" என்ற சொல்லுக்கு வருவோம். எனக்கு இதில்தான் அதிக மனக்குறை. மீனுக்கான அடிப்படை எண் எப்படி வருகிறது என்றால், தொட்டியில் மீன்களை விட்டு நாலு நாள் மருந்துத் தண்ணீரில் வைத்து, எந்த அளவில் பாதி மீன்கள் சாகின்றன என்று பார்ப்பார்கள். பட்டியலில் உள்ள அரிய இனம் என்றால் அந்த அளவில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும் என்பது ஈ.பி.ஏ. கணக்கு. கேட்க ரொம்ப எச்சரிக்கையாகத்தான் இருக்கிறது. டயஸினான் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு காலத்தில் அமெரிக்க வீட்டுத் தோட்டங்களில் எறும்புக்கும் வண்டுக்கும் தாராளமாகத் தூவியது. சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த ரெயின்போ ட்ரவுட் மீனுக்கு அதன் பாதிச் சாவு அளவு லிட்டருக்கு ஏறக்குறைய 90 மைக்ரோகிராம். இருபதில் ஒரு பங்கு 4.5. அதற்குக் கீழே இருந்தால் மீன் சாகாது, சரிதான்.

ஆனால் சாகாமல் இருப்பது மட்டும் போதுமா? சியாட்டிலில் உள்ள மத்திய மீன்வள ஆய்வு மையத்தில் நாதனியல் ஷோல்ஸ் குழுவினர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு சால்மன் குஞ்சைக் கொக்கோ பெரிய மீனோ கடித்தால் அதன் தோல் கிழிந்து ஒரு வாசனை தண்ணீரில் பரவும், பக்கத்தில் இருக்கும் குஞ்சுகள் அதை முகர்ந்ததும் இரை தேடுவதை நிறுத்திவிட்டு அசையாமல் நிற்கும். உயிர் பிழைக்க அதுதான் வழி. ஷோல்ஸ் குழுவினர் சினூக் குஞ்சுகளைக் கொஞ்ச நேரம் மட்டும் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் டயஸினானில் வைத்துவிட்டு அந்தத் தோல் வாசனையை விட்டார்கள். குஞ்சுகள் எதுவும் நடக்காதது போலத் தம் பாட்டுக்கு நீந்தின, தம் பாட்டுக்குத் தின்றன. 10 மைக்ரோகிராமில் வைத்த பெரிய மீன்களில், பிறந்த இடத்துக்குத் திரும்பி வரும் திறமையே குறைந்தது. 1 மைக்ரோகிராம் என்பது நூறு கோடியில் ஒரு பங்கு, நாம் போட்ட 4.5 வரம்புக்கு நன்றாகக் கீழே. தொட்டியில் அந்த மீன் சாகாது, ஆற்றில் கொக்கு வாயில் போகும், இறப்புக் காரணம் என்று எந்த அறிக்கையிலும் டயஸினான் வராது.

ஏன் இப்படி என்றால், டயஸினான், குளோர்பைரிஃபாஸ், மாலத்தியான் எல்லாம் ஆர்கனோபாஸ்பேட் குடும்பம். நம் ஊரில் கரையானுக்கு அடிப்பதும் கொசுப் புகைக்குப் பயன்பட்டதும் இவைதான், பேர் உங்களுக்குப் புதிதாக இருக்காது. நரம்புக்கும் தசைக்கும் இடையே செய்தி போனதும் அதைத் துடைத்துவிட ஒரு நொதி வேண்டும், இந்த மருந்துகள் அந்த நொதியை முடக்கும். பூச்சிக்கு இருக்கும் அதே நொதி மீனுக்கும் இருக்கிறது. கோஹோ என்ற சால்மன் இனத்தின் குஞ்சுகளில் அந்த நொதி குறையக் குறைய நீச்சலும் இரையைக் கொத்தும் வேகமும் சேர்ந்தே குறைவதைக் குளோர்பைரிஃபாஸ் வைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

அடுத்து, ஒரு மருந்து மட்டும் இருக்கும் ஓடை எங்கே இருக்கிறது? ஒரே பாட்டிலில் அஞ்சு ஆறு பொருள் கிடைப்பது சகஜம், அறிக்கை ஒவ்வொன்றையும் அதனதன் வரம்போடு தனித்தனியாக ஒப்பிட்டு எல்லாம் கீழே என்று எழுதும். 2009இல் கேத்தி லேட்ஸ் என்பவரும் சகாக்களும் இதே ஆய்வு மையத்தில் ஐந்து மருந்துகளை இரண்டு இரண்டாகக் கலந்து கோஹோ குஞ்சுகளில் பார்த்தார்கள். சில ஜோடிகளில் விளைவு வெறும் கூட்டல் கணக்காக இல்லை, அதைத் தாண்டிப் போனது. டயஸினானும் மாலத்தியானும், மாலத்தியானும் குளோர்பைரிஃபாஸும் உயர்ந்த அளவில் சேர்ந்தபோது, தனித்தனியாகக் கொல்லாத அளவிலேயே மீன்கள் செத்தன. அந்த உயர்ந்த அளவுகள் ஓடையில் வழக்கமாகப் பார்ப்பதைவிட அதிகம், அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பயமுறுத்தல் ஆகிவிடும். ஆனாலும் தனித்தனி வரம்பு என்ற ஏற்பாட்டின் ஓட்டையை அது காட்டிக்கொடுத்தது. தண்ணீர் சூடாக இருந்தால் கலவையின் வீரியம் இன்னும் கூடும் என்று அதே குழு பிற்பாடு காட்டியது, மரநிழல் போன ஓடைகளுக்கு அது நல்ல செய்தி இல்லை.

மீனை விடுங்கள், மீன் தின்பதைப் பாருங்கள். கோஹோ குஞ்சு கடலுக்குப் போகுமுன் ஒரு வருடத்துக்கு மேல் ஓடையில் பூச்சிப் புழுக்களைத் தின்றுதான் வளரும். பூச்சிக்கொல்லி பூச்சியைத்தானே முதலில் கொல்லும். அதனால்தான் குளோர்பைரிஃபாஸுக்கு நீர்வாழ் உயிர்களுக்கான அமெரிக்க வரம்பு லிட்டருக்கு வெறும் 0.083 மைக்ரோகிராம், அதுவும் ஒரு மணி நேரச் சராசரி. நீடித்த பாதிப்புக்கு 0.041, அது நாலு நாள் சராசரி. வாரத்துக்கு ஒரு பாட்டில் எடுக்கிறவர் நாலு நாள் சராசரியை எங்கிருந்து கண்டுபிடிப்பார்? ஒரு பாட்டிலின் எண்ணையே நாலு நாளும் இருந்ததாக வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறார்கள், வேறு வழி இல்லை. இமிடாக்ளோப்ரிட் என்ற பூச்சிக்கொல்லி இன்னும் சிக்கல். தண்ணீர்ப் பூச்சிகளுக்கு அதன் நீடித்த பாதிப்பு அளவை ஈ.பி.ஏ. 2017இல் 0.01 மைக்ரோகிராம் என்று வைத்தது. ஒரு லேபின் கருவி 0.02க்குக் கீழே பார்க்க முடியாது என்றால், அந்த லேப் "கண்டறியப்படவில்லை" என்று எழுதும் பாட்டிலில் வரம்பைத் தாண்டியே மருந்து இருக்கலாம். ஆகவே அறிக்கையைத் திறந்ததும் நேராக முடிவுக்குப் போகாமல், பின்னிணைப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் லேபால் பார்க்க முடிந்த குறைந்தபட்ச அளவு எவ்வளவு என்ற பட்டியலைப் பாருங்கள். அதுவும் வரம்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் "கண்டறியப்படவில்லை" என்பதை நான் கணக்கிலேயே எடுக்க மாட்டேன்.

தேடாததும் கிடைக்காது. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் காடுகளில் மரப்புழுவை அழிக்க 1975 முதல் 1985 வரை ஒரு பூச்சிக்கொல்லியை விமானத்தில் தெளித்தார்கள். மருந்தைக் கரைக்கச் சேர்த்த துணைப்பொருளில் நோனைல்ஃபீனால் இருந்தது, மீனின் ஹார்மோன்களைக் குழப்பக்கூடியது. பிற்பாடு 1999இல் வெளியான ஆய்வு ஒன்று, தெளித்த காலத்தையும் அட்லாண்டிக் சால்மன் பிடிப்புக் குறைந்ததையும் பொருத்திப் பார்த்து, சந்தேகத்தை அந்தத் துணைப்பொருள் மேல் வைத்தது. மருந்தை மட்டும் தேடியிருந்தால் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

உங்கள் பக்கத்திலேயே இதைவிடப் பெரிய உதாரணம் இருக்கிறது. மேற்கு சியாட்டிலின் லாங்ஃபெலோ க்ரீக் போன்ற நகர ஓடைகளில் கோஹோ மீன்கள் கடலிலிருந்து திரும்பி வந்து, முட்டையிடுவதற்கு முன்பே வாயைப் பிளந்துகொண்டு சுற்றிச் சுற்றி நீந்திச் சில மணி நேரத்தில் சாகும். சில ஓடைகளில் வந்த மீன்களில் 40 முதல் 90 சதவீதம் வரை அப்படிப் போனது. பூச்சிக்கொல்லியாக இருக்குமோ என்றுதான் ஆரம்பத்தில் பார்த்தார்கள். உலோகமா, எண்ணெய்ப் பொருளா என்றும் பார்த்தார்கள். எதுவும் பொருந்தவில்லை. சாலைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினால் மீன் சாகிறது, பட்டியலில் உள்ள பொருள்களைக் கலந்து ஊற்றினால் சாகவில்லை! கடைசியில் 2020 டிசம்பரில் வாஷிங்டன் பல்கலைக்கழகம், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் இரண்டின் குழுவும் சேர்ந்து ஆளைப் பிடித்துவிட்டது: டயர் ரப்பரில் விரிசல் விழாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் ஓசோனோடு சேர்ந்து உண்டாகும் 6பிபிடி-குவினோன். லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்கே கோஹோவைக் கொல்லப் போதும். அதே தண்ணீரில் 'சம்' என்ற இன்னொரு சால்மன் இனத்துக்கு ஒன்றும் ஆகாது. இத்தனை வருடம் அந்த ஓடைகளின் அறிக்கைகளில் அந்தப் பேரே இல்லை, ஏனென்றால் அது எந்தப் பட்டியலிலும் இல்லை.

இவ்வளவு குறை சொல்லிவிட்டதால் பரிசோதனையே வீண் என்று நினைத்துவிட வேண்டாம். தொடர்ந்து ஒரே இடத்தில் ஒரே மாதிரி வருடக்கணக்கில் அளப்பதற்கு ஒரு தனி மதிப்பு இருக்கிறது, தனி எண் பொய் சொன்னாலும் போக்கு அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது. டயஸினானை வீட்டுத் தோட்டத்துக்கு விற்பது 2004 கடைசியோடு நின்றது, அதற்குப் பிறகு தார்ன்டன் க்ரீக்கில் அது தட்டுப்படுவது குறைந்ததைக் கண்கூடாகப் பார்க்க முடிந்தது. வெனாச்சி பக்கம் ப்ரெண்டர் க்ரீக்கில், 1972இல் தடை செய்த டி.டி.டி. இன்றைய தலைமுறை எடுக்கும் பாட்டிலிலும் வருகிறது. யாரும் இப்போது அடிப்பதில்லை, பழைய தோட்ட மண்ணில் ஒட்டிக்கிடப்பது மண் அரித்து வரும்போது சேர்ந்து வருகிறது. யாக்கிமாவில் இதே கதைக்குக் கிடைத்த தீர்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். டி.டி.டி. மண்ணோடுதான் வருகிறது என்று அளவீடு காட்டியதால், 1990களின் கடைசியில் டி.டி.டி.யைத் துரத்துவதை விட்டுவிட்டுக் கலங்கலைத் துரத்தினார்கள். பாசன மாவட்டங்களே வடிகால் தண்ணீர் இவ்வளவுக்கு மேல் கலங்கியிருந்தால் தண்ணீர் குறையும் என்று விதி போட்டன, பாத்தி வழியே தண்ணீர் விட்டவர்கள் சொட்டுநீருக்கும் தெளிப்புநீருக்கும் மாறினார்கள், வடிகால்கள் தெளிந்தன. கலங்கலை அளக்கும் கருவி மலிவு, பக்கத்திலேயே நின்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

அப்புறம் ஆரிகனின் ஹூட் ரிவர். மலையடிவாரம் முழுக்கப் பேரித் தோட்டம், நடுநடுவே ஸ்டீல்ஹெட் என்ற, கடலுக்குப் போய்த் திரும்பும் ட்ரவுட் மீன் வாழும் சின்னச் சின்ன ஓடைகள். 1999, 2000 வாக்கில் மாநிலச் சுற்றுச்சூழல் துறை அளந்து பார்த்தபோது மார்ச்சில் மொட்டு விடுமுன் அடித்த குளோர்பைரிஃபாஸும், கோடையில் பழப்புழுவுக்கு அடித்த அஸின்பாஸ்-மெத்திலும் வரம்பைத் தாண்டி வந்தன. வழக்கு, அபராதம் என்று போகாமல் அந்த எண்களை நேராக விவசாயிகள் சங்கத்திடம் கொண்டுபோய் வைத்தார்கள். பல்கலைக்கழக விரிவாக்கப் பணியாளர்களும் வார்ம் ஸ்பிரிங்ஸ் பழங்குடியினரும் கூடவே இருந்தார்கள். ஓடைக் கரையில் கடைசி வரிசையை அடிக்கும்போது ஓடைப் பக்கத்துக் குழல்முனைகளை அடைத்துவிட்டு உள்பக்கம் மட்டும் அடிப்பது, காற்று பார்த்து அடிப்பது, மருந்து கலக்கும் இடத்தை ஓடையிலிருந்து தள்ளிப் போடுவது, அளவு சரிபார்த்த தெளிப்பான் வைத்துக்கொள்வது, எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். அடுத்தடுத்த வருடங்களில் அளவுகள் இறங்கின, அந்த முறையை ஆரிகன் மற்ற பள்ளத்தாக்குகளுக்கும் கொண்டுபோனது. தன் தோட்டத்துக்குக் கீழே எடுத்த பாட்டிலின் எண்ணைப் பார்த்த விவசாயி அடுத்த முறை கடைசி வரிசைக்கு வந்ததும் குழலை அடைப்பார், சட்டப் புத்தகத்தைக் காட்டினால் வக்கீலைக் கூப்பிடுவார். இது என் கருத்து, நீதிமன்றம் தேவையே இல்லை என்று சொல்லவரவில்லை. அந்த 2002 தீர்ப்பு இல்லாவிட்டால் உங்கள் மாநிலத்தில் பாட்டிலோடு ஆள் அனுப்பியிருப்பார்களா என்பதே சந்தேகம்.

இனி உங்கள் கொல்லைப்புற ஓடை. நீங்களே பாட்டில் அனுப்பலாம், தடையில்லை, ஆனால் பல மருந்துகளைச் சேர்த்துத் தேடும் பரிசோதனைக்கு ஒரு பாட்டிலுக்கே சில நூறு டாலர் கேட்பார்கள், கிடைப்பது ஒரு நிமிடத்தின் தண்ணீர். வெயில் நாளில் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, நிம்மதியாகத் தூங்குவீர்கள், அந்த நிம்மதிக்கு அவ்வளவு காசு கொடுக்க வேண்டுமா என்று யோசியுங்கள். எடுத்தே தீருவேன் என்றால் ஒன்று செய்யுங்கள்: நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் நல்ல மழையில், தெருத் தண்ணீர் ஓடையில் விழும் குழாய்க்குக் கொஞ்சம் கீழே, ஓடை ஏறிக்கொண்டிருக்கும்போதே எடுங்கள், வடிந்த பிறகு அல்ல. பாட்டிலையும் எப்படி அனுப்புவது என்பதையும் முன்கூட்டியே லேபிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவர்கள் பார்க்க முடிந்த குறைந்தபட்ச அளவையும் அப்போதே கேளுங்கள்.

புல்தரை விஷயத்தில் எல்லா மருந்தையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். 2,4-டி, மெகோப்ராப் போன்ற களைக்கொல்லிகள் நகர ஓடைகளில் அடிக்கடி கிடைக்கும், ஆனால் மீனைப் பாதிக்கும் அளவுக்கும் ஓடையில் கிடைக்கும் அளவுக்கும் நடுவே பொதுவாக நிறைய இடைவெளி இருக்கிறது. எனக்குப் பயம் பூச்சிக்கொல்லியில்தான். எறும்புக்கும் புழுவுக்கும் தூவும் பைஃபென்த்ரின் குருணை, வீட்டைச் சுற்றி அடித்துவிட்டுப் போகும் ஃபிப்ரோனில் இரண்டும் ஓடையின் பூச்சிப் புழுக்களுக்கு மிகக் குறைந்த அளவிலேயே எமன். பாசி விஷயமும் உண்டு, சியாட்டில் பக்கம் கூரையில் பாசி படராத வீடே இல்லை, அதற்குப் போடும் துத்தநாகத் தூள் மழையில் கரைந்து நேராகக் கூரைக் குழாய் வழியே போகும், துத்தநாகம் மீனுக்கு ஆகாது. பாசியைத் துடைப்பத்தால் தள்ளுங்கள், அல்லது ஆள் வைத்துத் தள்ளச் சொல்லுங்கள். உங்கள் தெருவின் மழைநீர் வாய்க்கால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, ஓடைக்குத்தான் போகிறது, அதனால் கான்கிரீட்டில் சிந்திய குருணையைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் பெருக்கிப் புல்லுக்கே தள்ளிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஆர்வம் இருந்தால் பாட்டிலைவிட நல்ல வேலை ஒன்று இருக்கிறது. இலையுதிர் காலத்தில் நகர ஓடைகளில் செத்த சால்மனை எண்ணும் தன்னார்வலர் குழுக்கள் உண்டு. ஓடையோரம் நடந்துபோய், செத்த மீனை நீளம் அளந்து, பெண் மீன் என்றால் வயிற்றைக் கீறி முட்டை மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், மறுபடி எண்ணிவிடாமல் இருக்க வாலை வெட்டிவிட்டுத் தண்ணீரிலேயே போடுவார்கள். வயிறு நிறைய முட்டையோடு செத்த கோஹோ என்றால் ஆற்றுக்கு வந்த வேலை முடியவில்லை என்று அர்த்தம், அதைக் கண்டுபிடிக்க எந்த லேபும் வேண்டாம். கைக்கு உறையும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸும் வாங்கிக்கொள்ளுங்கள், நாற்றம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.